நிழல் விழுந்த இடம்

திருப்பதியிலிருந்து நகரி, திருத்தணி வழியாகச் சென்னைக்கு வரும் சாலையில் புத்தூர் இருக்கிறது. ‘புத்தூர் கட்டு’ என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. பச்சிலை, முட்டை, மூங்கில் சிம்பு, துணி என்று போடப்படும் அந்தக் கட்டைத் தேடி வருகிறவர்களில் பலர் இன்று கையில் எக்ஸ்ரே படத்தோடுதான் வருகிறார்கள். முறிந்த எலும்பைப் படத்தில் அடையாளம் காணப் பெரிய படிப்பு வேண்டாம். வெள்ளைத் தண்டு ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும்; குழந்தைகூட விரல் வைத்துக் காட்டிவிடும்.

மார்பு எக்ஸ்ரே வேறு கதை. படத்தைப் பார்த்தால் இரண்டு கறுப்பு வெளிகள், நடுவே ஒரு வெள்ளைப் பரப்பு, குறுக்கே விலா எலும்புகள். கூடவே ஒரு தாள்: ‘டிரக்கியா நடுவில் உள்ளது. இரு ஹைலமும் இயல்பு. சி.பி. ஆங்கிள் தெளிவு. வலது மிட் ஸோனில் ஒப்பாசிட்டி. கிளினிக்கல் கோரிலேஷன் தேவை.’ திருப்பதி ரூயா மருத்துவமனையிலோ ஸ்விம்ஸிலோ வெளிநோயாளி வரிசையில் நிற்கையில், கூட வந்த மகனோ மருமகளோ இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் தேடுவார்கள். ‘ஒப்பாசிட்டி’யில் ஆரம்பிக்கும் தேடல் ஐந்து நிமிடத்தில் புற்றுநோயில் போய் நிற்கும். டாக்டரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே குடும்பம் பாதி உடைந்துபோயிருக்கும்.

அந்தத் தாளில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை இடப்பெயர்கள். மீதியில் பெரும்பகுதி நிழலின் தோற்றத்தைச் சொல்பவை: அடர்த்தி, கோடு, புள்ளி, மங்கல். நோயின் பெயர் வந்தாலும் ‘இருக்கலாம்’ என்ற வாலோடுதான் வரும். எங்கே, எப்படி, ஏன் என்ற மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கு மட்டுமே படம் பதில் சொல்கிறது. மூன்றாவது கேள்விக்கும் படமே பதில் சொல்லிவிட்டது என்று நினைத்து ஏமாறுவது எளிது. அப்படி ஏமாற மறுத்தவர்களின் கதை ஒன்று திருப்பதிக்கு மேற்கே உள்ள மலைநாட்டில்தான் நடந்தது. அதற்கு முன் படத்தை ஒரு சுற்று பார்த்துவிடுவோம்.

எக்ஸ்ரே படம் ஒரு நிழல். கதிர் உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டதோ அவ்வளவு வெள்ளையாகப் பதிவாகும். காற்று கிட்டத்தட்ட எதையும் தடுக்காது, அதனால் நுரையீரல் கறுப்பு. கொழுப்பு கொஞ்சம் சாம்பல். தசை, ரத்தம், நீர் மூன்றும் ஒரே அளவுக்குத் தடுக்கும். எலும்பு வெள்ளை, உலோகம் பளீர் வெள்ளை. இந்த ஐந்து படிகளுக்குள் உடம்பு முழுவதையும் அடக்கியாக வேண்டும். இதயத் தசையும் அதற்குள் ஓடும் ரத்தமும் படத்தில் ஒன்றுதான். நுரையீரலின் நுண்ணறைகளில் சீழ் நிறைந்தாலும், ரத்தம் நிறைந்தாலும், நீர் கோத்தாலும், புற்றணுக்கள் நிறைந்தாலும் நிழல் ஒரே நிறம். ‘கன்சாலிடேஷன்’ என்று அறிக்கை எழுதும்போது அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் வேறு ஏதோ நிறைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். நிமோனியாவில் அது பெரும்பாலும் சீழும் நீரும். ஆனால் படம் அதை முகர்ந்து பார்த்துச் சொல்லவில்லை.

படம் எடுக்கும் முறையிலேயே பாதி விஷயம் இருக்கிறது. நோயாளி மார்பைத் தகட்டில் ஒட்டி நிற்க வேண்டும். கதிர் முதுகிலிருந்து வரும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால் தகட்டுக்கு அருகில் இருக்கிறது, நிழல் அதிகம் பெருக்காது. கருவி ஆறடி தள்ளி இருப்பதும் அதற்காகத்தான். தோள்களை முன்னே தள்ளச் சொல்வது தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் இருக்க. பிறகு ‘காலி பீல்சண்டி... ஆபண்டி’ என்று தெலுங்கில் குரல் வரும். எதிரே நிற்பது தமிழ் முகம் என்று தெரிந்தால் அதே ஆள் ‘மூச்ச இழுத்துப் புடிங்க’ என்பார். சித்தூர்ச் சீமையில் இரண்டு மொழியும் ஒரே வாயில் வாழும். அந்த ஒரு மூச்சு முக்கியமானது. சரியாக இழுத்தால் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பதோ பத்தோ எண்ணலாம். அரைகுறையாக இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி, ரத்தக்குழாய்கள் கூடிவிழுந்து, இல்லாத நோய் ஒன்று படத்தில் தோன்றும். அறிக்கையில் அடிக்கடி வரும் ‘பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் ப்ராமினென்ட்’ என்ற வரி பல நேரம் இப்படிப் பிறப்பதுதான். அது நுரையீரலுக்குள் கிளைவிடும் குழாய்களின் இயல்பான நிழல், சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது, அவ்வளவே.

தாலிச் சங்கிலி, ஊக்கு, பெருமாள் டாலர் எல்லாம் பளீரென்று விழும் என்பது ஊருக்கே தெரியும். அதிகம் தெரியாதது பின்னல். தோளின் மேல் தடித்த பின்னல் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் ஒரு மங்கல் விழும், அதுவும் காசநோய் விரும்பித் தங்கும் இடத்தில். மலையேறி மொட்டை போட்டுவிட்டு வந்தவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை.

படத்தைப் பார்க்கும்போது நோயாளி நம் எதிரே நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய வலது, நம் இடது பக்கம். ஓரத்தில் இருக்கும் ‘ஆர்’ அல்லது ‘எல்’ எழுத்து அலங்காரத்துக்கு இல்லை. ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இதயம் வலப்பக்கமும் கல்லீரல் இடப்பக்கமும் அமைந்திருக்கும். எழுத்து இல்லாவிட்டால் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து அதை ‘சரி’ செய்துவிடுவார்கள்.

அறிக்கை வழக்கமாக மேலிருந்து நடுவழியாக இறங்கும். டிரக்கியா என்பது மூச்சுப் பெருங்குழாய். காற்று நிறைந்த கறுப்புப் பட்டையாக முதுகெலும்பின் மேல் தெரியும். ‘நடுவில் உள்ளது’ என்ற இரண்டு சொல்லுக்குள் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஒரு பக்க நுரையீரல் சுருங்கினால் குழாய் அந்தப் பக்கம் இழுபடும். ஒரு பக்கம் நீரோ காற்றோ நிறைந்து அழுத்தினால் மறுபக்கம் தள்ளப்படும். பெருந்தமனியின் வளைவு இடப்பக்கத்தில் இருப்பதால், அந்த மட்டத்தில் குழாய் துளி வலப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. பிறகு அது இரண்டாகப் பிரியும் முனை: கெரினா. வலது கிளை அகலம், செங்குத்து. இடது கிளை நீளம், சாய்வு. அதனால் புரையேறிய பொருள் பெரும்பாலும் வலப்பக்கம் விழும். ராயலசீமை நிலக்கடலை விளையும் சீமை. இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள்களில் முதலிடம் நிலக்கடலைக்குத்தான். கொடுமை என்னவென்றால், நிலக்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிவதெல்லாம் அதன் விளைவு: அடைபட்ட பக்கத்தில் காற்று சிறைப்பட்டு நுரையீரல் உப்பியிருக்கும், அல்லது காற்று வற்றிச் சுருங்கியிருக்கும். சில குழந்தைகளின் படம் முற்றிலும் இயல்பாகவும் இருக்கும். ‘கடலை தின்னும்போது இருமினான்’ என்று தாய் சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே படத்தைவிடக் கனமானது.

ஹைலம் என்பது நுரையீரலின் வாசல். காற்றுக்குழாயும் ரத்தக்குழாய்களும் நுழைந்து வெளியேறும் இடம். நிணநீர்க் கணுக்களும் அங்கேதான் கூடியிருக்கின்றன. இடது ஹைலம் வலதைவிட ஒரு விரற்கடை மேலே இருக்கும். வலது மேலே ஏறியிருந்தால் மேல்பகுதி நுரையீரல் சுருங்கி அதை இழுத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். குழந்தைகளின் காசநோய் பலமுறை இந்த வாசலில் கணு வீக்கமாக மட்டுமே தென்படும்.

இரண்டு நுரையீரலுக்கும் நடுவே உள்ள எல்லாம் சேர்ந்தது மீடியாஸ்டைனம்: இதயம், பெருங்குழாய்கள், உணவுக்குழல், கணுக்கள். இதயத்தின் அகலத்தை மார்புக்கூட்டின் அகலத்தால் வகுக்கும் பழக்கத்தை 1919இல் டான்சர் என்ற மருத்துவர் முன்வைத்தார். பெரியவர்களுக்குப் பாதிக்கு மேல் போனால் இதயம் வீங்கியிருக்கலாம். படுக்கையில் கிடத்தி முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இந்தக் கணக்கு செல்லாது, இதயம் அங்கே பெரிதாகத்தான் தெரியும். வயதானவர்களின் அறிக்கையில் ‘அன்ஃபோல்டட் அயோர்ட்டா’ என்று பார்த்துப் பதறுகிறார்கள். பெருந்தமனி வயதோடு நீண்டு வளைவு விரிந்திருக்கிறது. நரைமுடியைப் பற்றி எழுதியதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

கீழே உதரவிதானத்தின் இரு குவிமாடங்கள். வலது சற்று உயரம். குவிமாடம் விலா எலும்பைச் சந்திக்கும் கூர்மையான மூலைதான் ‘சி.பி. ஆங்கிள்’. நிற்கும் மனிதனின் நுரையீரல் உறைக்குள் நீர் சேர்ந்தால் முதலில் இந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். ஆனால் நேர்முகப் படத்தில் மூலை மழுங்கித் தெரிய ஏறத்தாழ 200 முதல் 300 மில்லி வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மூலை ‘தெளிவு’ என்றே எழுதப்படும். பக்கவாட்டுப் படமோ அல்ட்ராசவுண்டோ எடுத்தால்தான் வெளிப்படும்.

இனி எல்லோரையும் குழப்பும் இடத்துக்கு வருவோம். அறிக்கை சில நேரம் ‘ஸோன்’ என்கிறது, சில நேரம் ‘லோப்’ என்கிறது. இரண்டும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி அறிக்கை புரிந்த மாதிரி.

லோப் என்ற மடல் உடம்பில் நிஜமாகவே இருப்பது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. மடலுக்கு மடல் இடையே பிளவு உண்டு. அறுவை மருத்துவர் அதைக் கையால் பிரிக்கலாம். ஸோன் உடம்பில் இல்லை, படத்தில் மட்டும் இருப்பது. முன்பக்க இரண்டாம் விலா எலும்பின் நுனிக்கு மேலே மேல் ஸோன், இரண்டுக்கும் நான்குக்கும் இடையே நடு ஸோன், நான்குக்குக் கீழே கீழ் ஸோன். கிடைமட்டமாகக் கோடு போட்டுப் பிரித்தது. நுரையீரலின் பெரிய பிளவோ பின்பக்கம் உயரத்தில் தொடங்கி, சாய்வாக முன்பக்கம் கீழே இறங்குகிறது. அதனால் கீழ் மடலின் தலைப்பகுதி முதுகுப்புறத்தில் நன்றாக மேலே ஏறி நிற்கும். மேல் மடல் முன்புறத்தில் கீழே தொங்கும். தட்டையான படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ‘வலது நடு ஸோனில் நிழல்’ என்றால் அது மேல் மடலாக இருக்கலாம், நடு மடலாக இருக்கலாம், கீழ் மடலின் தலையாகவும் இருக்கலாம். ஸோன் என்று எழுதும் கதிரியலர், தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க மறுக்கிறார். அறிக்கையின் நேர்மை அந்தச் சொல்லில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

மடலைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். அதற்கான உபாயத்துக்கு 1950இல் அமெரிக்கக் கதிரியலர் பென்ஜமின் ஃபெல்சன் ஒரு பெயர் கொடுத்து நிலைநிறுத்தினார்: சில்லவுட் சைன். கதிரியலில் இவ்வளவு எளிமையும் அழகும் சேர்ந்த விதி இன்னொன்று இல்லை. இதயத்தின் ஓரம் நமக்கு ஏன் தெரிகிறது? நீரடர்த்தி கொண்ட இதயத்தைத் தொட்டுக்கொண்டு காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால். அந்த நுரையீரலிலும் சீழோ நீரோ நிறைந்தால் இரண்டும் ஒரே நிறமாகி ஓரம் அழிந்துபோகும். இதயத்தின் வலது ஓரத்தைத் தொட்டிருப்பது வலது நடு மடல். ஆகவே வலது ஓரம் அழிந்தால் கோளாறு நடு மடலில். ஓரம் தெளிவாக இருந்து அதன் ஊடே நிழல் தெரிந்தால், கோளாறு பின்னால், கீழ் மடலில். இடது ஓரம் அழிந்தால் மேல் மடலின் நாக்குப் போன்ற லிங்குலா. உதரவிதானத்தின் கோடு அழிந்தால் கீழ் மடல். எங்கே நிழல் இருக்கிறது என்பதைவிட, இருக்க வேண்டிய எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பது. மாணவர்கள் இதைக் கற்றுக்கொள்ளும் நாளிலிருந்து அவர்கள் படம் பார்க்கும் விதமே மாறிவிடும்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? நோய்களுக்கு விருப்பமான இடங்கள் உண்டு. பெரியவர்களின் காசநோய் மேல் மடலின் உச்சியையும் பின்பகுதியையும், கீழ் மடலின் தலையையும் நாடும். நிற்கும் மனிதனின் நுரையீரல் உச்சிக்கு ரத்தம் குறைவாகவே ஏறுகிறது. வந்த ஆக்சிஜனை எடுத்துச்செல்ல ஆளில்லாமல் அங்கே அது மிகுந்திருக்கிறது. காசக் கிருமி ஆக்சிஜன் பிரியன். நிணநீர் வடிகாலும் அங்கே மந்தம். உச்சியின் மேல் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் குறுக்கே விழுவதால், கிருமிக்குப் பிடித்த இடமே படத்தில் மறைவான இடமும் ஆகிவிடுகிறது. நினைவின்றிப் படுத்திருப்பவர் வாந்தியை உள்ளிழுத்தால், படுத்த நிலையில் தாழ்வாக இருக்கும் பின்பகுதிகளில் நிமோனியா வரும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் கீழ் ஸோனிலும் வரத் தயங்காது. இடம் என்பது சாட்சியம். வலுவான சாட்சியம்தான், ஆனால் தீர்ப்பு இல்லை.

இப்போது மேற்கே போகலாம். திருப்பதியிலிருந்து பாகராபேட்டை மலைப்பாதை ஏறி, பீலேரு தாண்டினால் மதனப்பள்ளி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கடல்மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டர் அளவு உயரம், உலர்ந்த காற்று. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் காற்றுதான் மருந்து. பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுசேர்ந்து மதனப்பள்ளிக்கு அருகே 1915இல் யூனியன் மிஷன் காசநோய் சானடோரியத்தைத் திறந்தன. அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர் வந்தது. அதை நடத்தியவர் டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர். பின்னாளில் மத்திய அரசின் காசநோய் ஆலோசகரான டாக்டர் பி. வி. பெஞ்சமினும் இங்கே பணியாற்றியவர்தான். அந்நாளைய சென்னை மாகாணம் முழுவதிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும், ரயிலிலும் மாட்டுவண்டியிலும் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். ஓய்வு, சத்துணவு, திறந்த தாழ்வாரம். தேவைப்பட்டால் நுரையீரல் உறைக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தி நோயுற்ற நுரையீரலை வேண்டுமென்றே சுருங்கவைப்பது. அது சரியாகச் சுருங்கியதா என்று பார்க்க எக்ஸ்ரே.

இப்படி வந்தவர்களில் ஒரு சிறு கூட்டம் மருத்துவர்களை யோசிக்கவைத்தது. இருமல், இரவில் கூடுதல். மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல், எடைக் குறைவு. படத்தில் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். காச உலகில் இந்தத் தோற்றத்துக்கு ‘மிலியரி’ என்று பெயர். தினை அளவுப் புள்ளிகள் என்று அர்த்தம். கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல் முழுக்க விதைத்தாற்போல் பரவும்போது வருவது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதற்கு முன் மிலியரி காசநோய் என்பது ஏறக்குறைய மரண ஓலை.

இந்த நோயாளிகள் சாகவில்லை. சளியை மீண்டும் மீண்டும் சோதித்தாலும் கிருமி இல்லை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, இருமிக்கொண்டே நடமாடினார்கள். ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை வழக்கத்துக்கு மீறிக் குவிந்திருந்தது. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐந்நூறுக்குள் இருக்க வேண்டியது அது. இந்த நோயில் மூவாயிரத்தைத் தாண்டும். ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் எழும் அணு. காசநோய்க்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை.

1940இல் ஃப்ரிமோட்-மொல்லரும் ஆர். எம். பார்ட்டனும் இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: காசநோயைப் போலத் தோற்றம் தந்து, ஈசினோஃபில் மிகுதியோடு வரும் ஒரு நிலை பற்றி. நோய்க்கு இன்னும் நல்ல பெயர்கூட இல்லை. ஒரு காசநோய் மருத்துவமனை, தன் வாசலுக்கு வந்த சில நோயாளிகளைப் பார்த்து ‘இது எங்கள் நோய் இல்லை’ என்று அச்சில் சொன்னது. காசநோயைத் தவிர வேறெதையும் பார்க்காத இடத்தில், எல்லா நிழலையும் காசம் என்று படிக்கும் சபலம் எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்த்தால்தான் அந்தக் கட்டுரையின் பெருமை தெரியும். படத்தை அவர்கள் சரியாகவே படித்திருந்தார்கள். ‘இரு நுரையீரலிலும் பரவலான நுண்புள்ளிகள்’ என்பதில் ஒரு எழுத்துத் தவறில்லை. அதிலிருந்து ‘ஆகவே காசம்’ என்று தாவுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

1943இல் பம்பாயிலிருந்து வைங்கார்ட்டன் என்பவர் லான்செட் இதழில் அதே நிலையை ‘ட்ராபிக்கல் ஈசினோஃபிலியா’ என்ற பெயரில் எழுதினார், பெயர் நிலைத்துவிட்டது. ஆர்சனிக் கலந்த ஊசிமருந்துக்கு அது அடங்குகிறது என்பதையும் அவர் பதிந்தார். அப்புறம் யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டை எத்தில் கார்பமசின் மாத்திரைக்கும் அடங்குகிறது என்று தெரிந்தது. அங்கேதான் ஐயம் ஃபைலேரியா புழு மேல் திரும்பியது. 1950களின் இறுதியில் சிங்கப்பூரில் டாக்டர் டி. ஜே. தனராஜும் கூட்டாளிகளும் ரத்தப் பரிசோதனை வழியே அந்தத் திசையைக் காட்டினார்கள். ஆனால் யாருடைய ரத்தத்திலும் ஃபைலேரியாவின் நுண்புழு அகப்படவில்லை.

அகப்பட்டது வேலூரில். 1960இல் சி.எம்.சி. மருத்துவமனையின் வெப், ஜாப், கால்ட் மூவரும் இந்நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுத் திசுக்களை வெட்டிப் பார்த்து, அவற்றுக்குள் சிதைந்துகொண்டிருந்த நுண்புழுக்களைக் காட்டினார்கள். சித்தூரிலிருந்து வேலூருக்கு ஒரு மணிநேரப் பேருந்துப் பயணம். மதனப்பள்ளியில் எழுந்த கேள்விக்குப் பதில் வந்துசேர இருபது ஆண்டு. கொசுக்கடியில் நுழையும் அதே ஃபைலேரியாதான். பெரும்பாலோரின் உடம்பு நுண்புழுவை ரத்தத்தில் சுற்றவிடுகிறது. சிலருடைய உடம்போ அளவுக்கு மீறிச் சீறி, நுரையீரலின் நுண்குழாய்களிலேயே அதைப் பிடித்து அழிக்கிறது. படத்தில் தெரிந்த புள்ளிகள் அந்தச் சண்டையின் தடயங்கள். அவை நடு ஸோனிலும் கீழ் ஸோனிலும் கூடுதலாக இருக்கும் என்று இன்று பாடநூல்கள் சொல்கின்றன. மிலியரி காசத்தில் மேலிருந்து கீழ்வரை சீராக. சொல்ல எளிது. ஒரு படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். இந்நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குப் படம் இயல்பாகவே இருக்கும் என்பது இன்னொரு இடி.

ஆரோக்கியவரத்தின் கதை அத்தோடு முடியவில்லை. மகன் யொஹானெஸ் ஃப்ரிமோட்-மொல்லர் 1950 முதல் மதனப்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்து, காசநோய் ஒரு சமூகத்தில் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று ஆராய்ந்தார். 1960இல் உலக சுகாதார நிறுவன இதழில் நூறு பக்கத்துக்கு மேல் வெளிவந்த ஆய்வு அது. அதே காலத்தில் அமெரிக்காவில் யெருஷல்மி, கார்லண்ட் போன்றோர் வேறொன்றைச் சோதித்தார்கள்: படம் வாசிக்கும் நிபுணர்களையே. இருவர் ஒரே படங்களைத் தனித்தனியே வாசித்தால், கோளாறு உண்டு என்று சொல்லப்பட்ட படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் முரண்பட்டார்கள். ஒரே நிபுணர் சில நாள் கழித்து வாசித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் தன்னோடு தானே முரண்பட்டார். இந்தியாவின் காசநோய்த் திட்டம் நெடுங்காலம் சளிப் பரிசோதனையையே தூணாகப் பிடித்துக்கொண்டதற்குச் செலவு மட்டும் காரணமில்லை.

அந்தத் திட்டம் எக்ஸ்ரேயை ஒதுக்கியதற்கும் விலை கொடுத்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று 2019 முதல் 2021 வரை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் தவறவிடப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு விசாரித்தால் சொல்லும்படியான இருமலோ காய்ச்சலோ இல்லை. இன்று கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும், படத்தை வாசிக்கும் மென்பொருளும் கிராமத்துக்கு வருகின்றன. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைச் சலித்தெடுக்க அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒப்பியது. சலிப்பதற்கு. சந்தேகம் என்று ஒதுக்கியவரின் சளியைச் சோதித்துவிட்டுத்தான் மாத்திரை தொடங்க வேண்டும்.

அறிக்கையின் கடைசி வரியான ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ தட்டிக்கழிப்பு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். சில நேரம் அப்படியும் இருக்கலாம். பெரும்பாலும் அது ஆரோக்கியவரத்தில் ரத்தத்துளியை நுண்ணோக்கியின் கீழ் வைக்கவைத்த அதே தயக்கம். ‘கால்சிஃபைட் கிரானுலோமா’ என்று இருந்தால், உடம்பு எப்போதோ ஒரு கிருமியைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி முடித்த தடம். ‘ஃபைப்ராட்டிக் ஸ்ட்ராண்ட்ஸ்’ என்றால் ஆறிய புண்ணின் வடு. அது உண்மையாகவே ஆறியதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஆகவே பழைய படங்களைத் தூக்கி எறியக் கூடாது. பரணில் கிடக்கும் பத்து வருஷத்துப் படம், புதிதாக எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு வேலையில்லாமல் செய்துவிடும். ‘அஸைகஸ் லோப்’ என்று எழுதியிருந்தால், ஒரு சிரை கருவிலிருந்தே கொஞ்சம் வழிமாறிப் போனதில் உண்டான கூடுதல் மடிப்பு. சில நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

ட்ராபிக்கல் ஈசினோஃபிலியா இப்போது குறைந்துவருகிறது. யானைக்கால் நோய்க்கு எதிராக ஊர் முழுக்க மாத்திரை கொடுத்த இயக்கங்களுக்கு அதில் பங்கு உண்டு. வந்தால் மூன்று வாரம் மாத்திரை. இருமல் சில நாளில் அடங்கும், ஈசினோஃபில் இறங்கும், படத்தின் புள்ளிகளும் மறையத் தொடங்கும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் வி. கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, இப்படி மாத்திரை முடித்தவர்களின் நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்த நீரில் அணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். 1990இல் வெளியான முடிவு: சிகிச்சை முடிந்து மாதங்கள் கடந்த பின்பும் பலருக்கு நுரையீரலின் ஆழத்தில் அழற்சி மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. அவர்களில் யாருக்கு அது தழும்பாக இறுகும், யாருக்கு மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய மருத்துவர்கள் பார்ப்பது ரத்த எண்ணிக்கையையும், ஊதிக் காட்டும் மூச்சளவையும், இரவில் இருமல் திரும்ப வந்ததா என்று நோயாளி சொல்வதையும்தான்.